பிரிட்டன் ஊரும் அதன் ஐரோப்பிய இணை நகரமும்: மக்கள்தொகைப் போக்கை ஒப்பிடும் முறை

2011 கணக்கெடுப்பில் திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகை 30,77,233. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. எஞ்சிய நெல்லை மாவட்ட எல்லைக்குள் 2011இல் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் சுமார் 16.6 லட்சம்தான் தேறும். அடுத்த கணக்கெடுப்பின் குறிப்பு நாள் 2027 மார்ச் 1. அதில் வரப்போகும் மாவட்ட எண்ணை எடுத்து 30.77 லட்சத்துக்குப் பக்கத்தில் வைத்து யாராவது வரைபடம் போட்டால், நெல்லைச் சீமையில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனதாகத் தெரியும். சங்கரன்கோவிலும் கடையநல்லூரும் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. நகர்ந்தது எல்லைக்கோடு.

பிரிட்டன் நகரங்களையும் அவற்றின் ஐரோப்பிய இணை நகரங்களையும் ஒப்பிட உட்காரும் மாணவர்களை முதலில் கவிழ்ப்பதும் இதேதான். பாளையங்கோட்டைக் கல்லூரிகளிலோ அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ புவியியல், பொருளியல், புள்ளியியல் படிப்பவர்களுக்கு இது நல்ல ஆய்வுத் தலைப்பு. தரவு முழுக்க இணையத்தில் இலவசம். கணினியில் லிப்ரே ஆபீஸ் இருந்தால் போதும். ஆனால் எண்ணை இறக்கியதும் சதவீதம் போடத் தொடங்கினால் அல்வாதான் கிடைக்கும். வேலையில் முக்கால்வாசி, சதவீதம் போடுவதற்கு முன்னால் முடிய வேண்டியது.

இங்கே இணை நகரம் என்பது நெல்லையும் பாளையும் போல ஆற்றுக்கு இக்கரை அக்கரையாகக் கிடக்கும் ஊர்கள் அல்ல. இரு நாட்டு நகராட்சிகள் நட்புக்காகக் கையெழுத்திட்டுக்கொண்ட உறவு. 1944இல் கவன்ட்ரி நகரம் ஸ்டாலின்கிராடுடன் கைகோத்தது இதன் தொடக்கங்களில் ஒன்று. போர் முடிந்தபின் ஆக்ஸ்போர்டு – லைடன் (1946), பிரிஸ்டல் – ஹனோவர் (1947), ஆக்ஸ்போர்டு – பான் (1947), சண்டர்லாந்து – எஸ்ஸன் (1949) என்று வரிசையாக வந்தன.

ஜோடியைத் தேர்ந்தெடுத்தல்

பிரிட்டன் நகரமன்றத்தின் இணையதளத்தில் இணை நகரங்களின் பட்டியல் இருக்கும். அதை மட்டும் நம்பாமல் எதிர்ப்பக்க நகராட்சியின் தளத்திலும் பாருங்கள். சில உறவுகள் ஒரு பக்கத்தில் முடிந்துபோய், மறுபக்கத்தில் பட்டியலில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். ஜெர்மனிப் பக்கம் சரிபார்க்க, ஐரோப்பிய நகராட்சிகள் மன்றத்தின் ஜெர்மன் கிளை ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது.

முதல் முயற்சிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களை எடுங்கள். பிரிட்டனில் மாவட்ட அளவிலான உள்ளாட்சிக்குத்தான் ஆண்டுதோறும் விரிவான எண் எளிதாகக் கிடைக்கும். ஐயாயிரம் பேர் வாழும் சிற்றூர் என்றால் பாரிஷ் எனும் ஊராட்சி அளவுக்கோ, கட்டடம் நிறைந்த பகுதி என்று வரையறுத்த அளவுக்கோ இறங்க வேண்டும். அங்கே ஒரு முதியோர் இல்லம் திறந்தாலே வளர்ச்சி விகிதம் ஆடிப்போகும். சிற்றூரைத்தான் எடுப்பேன் என்பவர்கள் இருபது ஆண்டுக்குக் குறைந்த இடைவெளியில் எதுவும் சொல்லாமல் இருப்பது நல்லது.

எல்லை

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. லீட்ஸ் நகரத்துக்கு பிரான்சின் லீல் ஓர் இணை, ஜெர்மனியின் டார்ட்மண்ட் இன்னோர் இணை. 2021 கணக்கெடுப்பில் லீட்ஸ் சுமார் 8,12,000. லீல் சுமார் 2.3 லட்சம். லீட்ஸ் மூன்றரை மடங்கு பெரிய நகரம் என்று எழுதிவிட்டால் தீர்ந்தது கதை. லீட்ஸ் மாவட்டத்தின் பரப்பு சுமார் 552 சதுர கிலோமீட்டர். 1974 சீரமைப்பில் மோர்லி, பட்சி, ஓட்லி, வெதர்பி எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. வயல்வெளியும் அதற்குள் உண்டு. லீல் கம்யூனின் (கம்யூன் என்பது பிரான்சின் அடிமட்ட உள்ளாட்சி) பரப்பு சுமார் 35 சதுர கிலோமீட்டர், அதாவது மாநகரின் நடுப்பகுதி மட்டும். கோட்டுக்கு வெளியே தொடரும் ஊர்களைச் சேர்த்தால் லீல் பத்து லட்சத்தைத் தாண்டும். டார்ட்மண்ட் சுமார் 280 சதுர கிலோமீட்டர், இரண்டுக்கும் நடுவில்.

பிரான்சில் ஏறத்தாழ 35 ஆயிரம் கம்யூன்கள். அதனால் நகரத்தின் நடுப்பகுதி தேய்ந்து புறநகர் வளர்வது அங்கே எண்ணில் அப்பட்டமாகத் தெரியும். அதே இடப்பெயர்ச்சி லீட்ஸில் நடந்தால் மாவட்டத்துக்குள்ளேயே அடங்கிப்போய் எதுவும் தெரியாது. ஒரே நிகழ்வு ஓர் ஊரில் வீழ்ச்சியாகவும் இன்னோர் ஊரில் தேக்கமாகவும் தோன்ற இதுவே காரணம்.

ஆகவே அட்டவணையில் மக்கள்தொகைக்கு முன்னால் பரப்பளவுக்கு ஒரு நிரல் போடுங்கள். இரு ஊர்களின் பரப்பும் ஒன்றுக்கு இரண்டுக்குள் இருந்தால் நிர்வாக எல்லையை வைத்தே ஒப்பிடலாம். ஆக்ஸ்போர்டு (சுமார் 46 சதுர கிலோமீட்டர்), லைடன் (சுமார் 23) போன்ற ஜோடி சமாளிக்கக்கூடியது. இரண்டுமே நெருக்கமான எல்லைக்குள் அடைபட்ட பல்கலைக்கழக ஊர்கள். அதற்கு மேல் வித்தியாசம் போனால் இரு பக்கத்துக்கும் பயண வட்டார எல்லைக்கு மாறுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் சொல்லும் செயல்பாட்டு நகர்ப்பகுதி என்பது மைய நகரமும், வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதமாவது அந்த நகரத்துக்குப் போய்வரும் சுற்றூர்களும் சேர்ந்தது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபின் யூரோஸ்டாட் அட்டவணைகளில் பிரிட்டன் வரிசைகள் பெரும்பாலும் நின்றுவிட்டன. அதன்பிறகான எண்ணை அதே எல்லைக்குள் அடங்கும் மாவட்டங்களைக் கூட்டி நீங்களேதான் செய்துகொள்ள வேண்டும்.

அடுத்தது, எல்லை எப்போது மாறியது என்பது. லைப்சிக் நகரத்தைப் பாருங்கள். அது பர்மிங்காமின் இணை நகரம். 1998இல் சுமார் 4.37 லட்சம், 2000இல் சுமார் 4.93 லட்சம். இரண்டே ஆண்டில் 13 சதவீத வளர்ச்சி! கிழக்கு ஜெர்மனி ஆளற்றுப்போய்க்கொண்டிருந்த காலத்தில் இது நடக்குமா? நடந்தது சுற்றுக் கிராமங்களை நகரத்தோடு இணைத்தது. கவன்ட்ரியின் இணையான டிரெஸ்டனும் 1997 முதல் 1999 வரை இப்படிப் பல ஊர்களை விழுங்கியது. லீல் 2000இல் லோம் என்ற பக்கத்து ஊரைச் சேர்த்துக்கொண்டது. வந்தவர்கள் சுமார் 28 ஆயிரம் பேர். நம் பக்கத்தில் 1994இல் நெல்லை, பாளை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் சேர்ந்து மாநகராட்சி ஆனதை நினைத்துக்கொண்டால் எந்த இடத்தில் கோடு முறிகிறது என்பது பிடிபடும்.

மருந்து நாட்டுக்கு நாடு வேறு. பிரான்சின் புள்ளியியல் நிறுவனமான இன்சே எல்லாக் கம்யூன்களின் எண்களையும் 1876இலிருந்து இன்றைய எல்லைக்கு மாற்றி ஒரே கோப்பாக வெளியிடுகிறது. அதை எடுத்தால் தொல்லையில்லை. ஜெர்மனியில் இன்கார் என்ற தரவுத்தளம் மாவட்ட அளவில் எல்லையைச் சமப்படுத்தித் தருகிறது. பெரிய நகரங்கள் பெரும்பாலும் தாமே தனி மாவட்டம் என்பதால் இது போதும். பிரிட்டனில் 1974க்குப் பின்னால் பெருநகர மாவட்டங்கள் அவ்வளவாக மாறவில்லை. அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தின் விஷன் ஆஃப் பிரிட்டன் தளத்தில் பழைய கணக்கெடுப்புகளை இன்றைய மாவட்ட எல்லைக்கு மாற்றிய எண்கள் உண்டு.

செயற்கைக்கோள் படத்திலிருந்து கட்டடப் பரப்பை எடுத்து மக்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்காட்டும் ஐரோப்பிய ஆணையத்தின் உலகக் குடியிருப்புத் தரவும் இருக்கிறது. 1975இலிருந்து ஐந்தைந்து ஆண்டுக்கு ஒன்று. கியூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் நீங்கள் வரைந்த எல்லையை மேலே போட்டுக் கூட்டிவிடலாம். பெரிய நகருக்கு நல்ல மாற்று. சிற்றூருக்கு வேண்டாம், அந்த எண் யாரும் போய் எண்ணியது அல்ல, பெரிய வட்டார எண்ணைக் கட்டடங்களின்மேல் பங்கிட்டது.

எந்த நாள், எந்த எண்

பிரிட்டனில் பத்தாண்டுக்கு ஒரு கணக்கெடுப்பு. 2001 ஏப்ரல் 29, 2011 மார்ச் 27, 2021 மார்ச் 21. ஸ்காட்லாந்து மட்டும் கோவிட் காரணமாக 2022 மார்ச் 20க்குத் தள்ளிப்போட்டது. கிளாஸ்கோ – நூரம்பர்க், எடின்பரோ – மியூனிக் ஜோடிகளை எடுப்பவர்கள் 11 ஆண்டு இடைவெளியை 10 என்று வகுத்துவிடக் கூடாது. இடைப்பட்ட ஆண்டுகளுக்கு ஜூன் 30ஐக் குறிக்கும் நடுவாண்டு மதிப்பீடு வரும். கணக்கெடுப்பு எண்களை நோமிஸ் என்ற அரசுப் புள்ளிவிவரத் தளத்திலேயே இடம் வாரியாகத் தேர்ந்து இறக்கலாம்.

பிரான்சில் 1999க்குப் பின் நாடு முழுக்க ஒரே நாளில் எண்ணுவது நின்றது. 2004 முதல், பத்தாயிரத்துக்குக் குறைந்த கம்யூன்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறை முழுமையாக எண்ணுகிறார்கள். பெரிய கம்யூன்களில் ஆண்டுக்கு 8 சதவீத வீடுகளை மட்டும் எடுக்கிறார்கள். ஐந்து ஆண்டுக் கணக்கைச் சேர்த்து நடு ஆண்டுக்கு ஓர் எண் தருகிறார்கள். இதிலிருந்து இரண்டு விதிகள். ஒன்று, அடுத்தடுத்த ஆண்டுகளை ஒப்பிடாதீர்கள்; பெரும்பாலான வீடுகள் இரண்டு எண்ணிலும் பொதுவாக இருக்கும். குறைந்தது ஐந்தாண்டு இடைவெளி வேண்டும். இரண்டு, அறிவிக்கும் ஆண்டு வேறு, எண் குறிக்கும் ஆண்டு வேறு. 2023 டிசம்பர் கடைசியில் வெளியாகி 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த எண், 2021 ஜனவரி 1இன் நிலை. பிரெஞ்சு நாளிதழ்கள் இதை 2024 மக்கள்தொகை என்றே எழுதும்.

அதே கோப்பில் நகராட்சி மக்கள்தொகை, மொத்த மக்கள்தொகை என்று இரண்டு நிரல்கள் இருக்கும். கை தானாக மொத்தத்தின்மேல் போகும். கூடாது. மொத்தம் என்பதில் வேறு ஊரில் எண்ணப்பட்டுவிட்ட சிலரும் இரண்டாம் முறை சேர்கிறார்கள். ஒப்பிட உதவுவது நகராட்சி மக்கள்தொகை.

ஜெர்மனிதான் ரொம்பப் படுத்தும். ஆண்டுக் கடைசி நாளான டிசம்பர் 31 எண்களைத் தருவார்கள். அவை, கடைசியாக நடந்த கணக்கெடுப்பின்மேல் பிறப்பு, இறப்பு, வரவு, போக்கைக் கூட்டிக் கழித்து நகர்த்திய எண்கள். மேற்கு ஜெர்மனியில் 1987க்குப் பிறகு 2011 மே 9 வரை கணக்கெடுப்பே இல்லை. கால் நூற்றாண்டு நகர்த்திய எண்ணைச் சரிபார்த்தபோது நாடு முழுக்கச் சுமார் 15 லட்சம் பேர் குறைந்தார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் பதிவை நீக்காமல் போனதுதான் பெரும்பங்கு. சுவான்சீயின் இணை நகரமான மான்ஹைமில் மட்டும் 20 ஆயிரத்துக்கும் மேல் ஆள் குறைந்தது. கோட்டில் செங்குத்தாகத் தெரியும் அந்தச் சரிவில் ஒருவர்கூட அந்த ஆண்டில் ஊரைவிட்டுப் போகவில்லை. 2022 மே 15 கணக்கெடுப்பிலும் நாட்டளவில் ஏறத்தாழ 14 லட்சம் பேர் குறைந்தார்கள். எனவே 2010ஐயும் 2011ஐயும், 2021ஐயும் 2022ஐயும் ஒரே கோட்டில் இணைக்காதீர்கள். கோட்டை முறித்து, முறிந்த இடத்தில் செங்குத்துப் புள்ளிக்கோடு போடுங்கள்.

ஜெர்மன் நகராட்சியின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண் மாநிலப் புள்ளியியல் அலுவலக எண்ணோடு ஒத்துப்போகாது. நகராட்சி தன் பதிவேட்டை எண்ணுகிறது. சில சமயம் இரண்டாம் வீடு வைத்திருப்பவர்களையும் சேர்க்கிறது. எதையாவது ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை அதிலேயே நில்லுங்கள். முதன்மை வீட்டுக்காரர்களை மட்டும் எண்ணும் மாநில அலுவலக எண்தான் பிற நாடுகளோடு ஒப்பிட ஏற்றது.

நெதர்லாந்து எளிது. 1971க்குப் பின் வீடு வீடாகப் போவதில்லை, பதிவேடுதான். ஜனவரி 1 எண்கள் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகத்தின் ஸ்டாட்லைன் தளத்தில் கிடைக்கும்.

நாளைச் சமப்படுத்துவது சுலபம். ஜெர்மனியின் 2019 டிசம்பர் 31, பிரான்சின் 2020 ஜனவரி 1, இரண்டும் ஒன்றுதான். பிரிட்டனின் 2019, 2020 நடுவாண்டு எண்களின் சராசரியை எடுத்தால் அதே நாளுக்கு வந்துவிடும்.

மாணவர்களை எங்கே எண்ணுகிறார்கள்

பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறோம். விடுதி மாணவர்களைக் கழித்துவிட்டால் அங்கே சில தெருக்களின் வயதுக் கட்டமைப்பே மாறும். இங்கிலாந்தில் இதே பிரச்சினை நகர அளவில் வரும். 1991 கணக்கெடுப்பில் மாணவரைப் பெற்றோர் வீட்டில் எண்ணினார்கள். 2001 முதல் கல்லூரிக் காலத்தில் தங்கும் ஊரில். எனவே ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், கவன்ட்ரி போன்ற ஊர்களுக்கு 1991–2001 வளர்ச்சியில் ஒரு பங்கு, எண்ணும் முறை மாறியதால் வந்தது. 2021 கணக்கெடுப்பு ஊரடங்கின்போது நடந்தாலும், வீட்டில் இருந்த மாணவர்கள் வழக்கமான கல்லூரிக்கால முகவரியையே எழுதும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள்.

கவன்ட்ரியை ஒருமுறையாவது எல்லோரும் போட்டுப் பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் 3,16,960. 2020 நடுவாண்டு மதிப்பீடு 3,79,387. ஒன்பது ஆண்டில் கிட்டத்தட்ட 20 சதவீதம். 2021 கணக்கெடுப்பு வந்தபோது கிடைத்தது சுமார் 3,45,300. முப்பத்துநாலாயிரம் பேர் எங்கே போனார்கள்? அப்படி ஒரு கூட்டம் ஊரில் இருந்ததே இல்லை. படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் உள்ளே வந்ததாகப் பதிவானார்கள். படிப்பு முடிந்து திரும்பியது முழுதாகப் பதிவாகவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அந்த மிச்சம் சேர்ந்துகொண்டே போனது. வீட்டுத் தேவையைக் கணக்கிட்டுப் பசுமை வளையத்தில் (ஊரைச் சுற்றிக் கட்டடம் கட்டாமல் காக்கும் நிலம்) மனை திறப்பதற்கு இந்த எண் பயன்பட்டதால் ஊரில் பெரிய சர்ச்சையே நடந்தது. புள்ளியியல் ஒழுங்குமுறை அலுவலகம் 2021இல் ஆய்வு செய்து அறிக்கை விட்டது.

பிரிட்டன் தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2012 முதல் 2020 வரையான மதிப்பீடுகளைப் பின்னர் திருத்தி வெளியிட்டிருக்கிறது. பழைய கோப்புகளும் இணையத்தில் அப்படியே கிடக்கின்றன. இறக்கும்போது வெளியீட்டுத் தேதியைப் பாருங்கள். 2020க்குக் கவன்ட்ரி 3.79 லட்சம் என்று காட்டினால் அது பழைய கோப்பு, மூடிவிடுங்கள். நல்ல சோதனைக்கல் இது.

அட்டவணையில் ஏற்றும்போது

கோப்பு கைக்கு வந்தபின்னும் எண் கெட்டுப்போக வழி உண்டு. ஜெர்மன் கோப்பில் ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளியும் தசமத்துக்குக் காற்புள்ளியும் போடுவார்கள். நம் கணினி அமைப்பில் திறந்தால் 517.765 என்ற ஐந்து லட்சத்துச் சொச்சம் ஐந்நூற்றுப் பதினேழே முக்கால் பேராக மாறிவிடும். பிரெஞ்சுக் கோப்பில் ஆயிரத்துக்கு இடைவெளி இருக்கும்; அதுவும் சாதாரண இடைவெளி அல்ல, உடையாத இடைவெளி. பார்வைக்கு எண், மென்பொருளுக்கு அது எழுத்து. கூட்டினால் பூஜ்யம் வரும். இறக்குமதிப் பெட்டியில் மொழியை ஜெர்மன் அல்லது பிரெஞ்சு என்று தேர்ந்தாலே பெரும்பாலும் தீரும். நிரல் பிரிப்பானாக அரைப்புள்ளியைக் குறியுங்கள். உம்லாட் எழுத்துகள் (ä, ö, ü) கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துக் குறியாக்க முறையை யூடிஎப்-8 இலிருந்து லத்தீன்-1க்கு மாற்றுங்கள்.

ஊர்ப் பெயரை வைத்துக் கோப்புகளைப் பொருத்தாதீர்கள்; ஒரே பெயரில் ஜெர்மனியிலும் பிரான்சிலும் பல ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் அரசு தந்திருக்கும் குறியீட்டெண்ணை வைத்துப் பொருத்துங்கள். எஸ்ஸனுக்கு 05113000, டிரெஸ்டனுக்கு 14612000, சாந்த் எத்தியேனுக்கு 42218. அந்த நிரலை எழுத்து வகை என்று முன்பே அமைக்காவிட்டால் எஸ்ஸனின் முதல் பூஜ்யம் விழுங்கப்பட்டு எதோடும் பொருந்தாது.

கணக்கு

தொடக்க எண் தொ, இறுதி எண் இ, இடைப்பட்ட ஆண்டுகள் ஆ என்றால் ஆண்டு வளர்ச்சி விகிதம் (இ ÷ தொ)^(1 ÷ ஆ) − 1. ஆ என்பதைத் தசமத்தோடு போடுங்கள். கவன்ட்ரியில் 2011 மார்ச் 27 முதல் 2021 மார்ச் 21 வரை 9.98 ஆண்டு; 3,45,300ஐ 3,16,960ஆல் வகுத்தால் 1.0894, ஆண்டுக்கு 0.86 சதவீதம். தொடக்க ஆண்டை 100 என்று வைத்துக் குறியீடாக மாற்றினால் பெரிய ஊரும் சின்ன ஊரும் ஒரே படத்தில் அமரும். இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் வேறோர் அளவு என்று இரண்டு அச்சு வைத்து வரையாதீர்கள். எந்த இரண்டு கோட்டையும் அப்படி ஒட்டவைத்துவிடலாம்.

அடுத்த படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், அதுதான் ஆய்வின் உயிர். ஊரின் குறியீட்டை நாட்டின் குறியீட்டால் வகுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சேர்ந்த மக்கள்தொகை 2011இல் சுமார் 5.61 கோடி, 2021இல் சுமார் 5.96 கோடி, குறியீடு 106.3. பர்மிங்காம் 10,73,045இலிருந்து சுமார் 11,44,900க்கு வந்தது, குறியீடு 106.7. வகுத்தால் 100.4. அதாவது 72 ஆயிரம் பேர் கூடியும் பர்மிங்காம் நாடு போன வேகத்தில்தான் போயிருக்கிறது. கவன்ட்ரி 108.9, வகுத்தால் 102.5, அது உண்மையிலேயே முந்தியிருக்கிறது.

கை பழக நெல்லையில் போட்டுப் பாருங்கள். மாநகராட்சி 2001இல் 4,11,831, 2011இல் 4,73,637, குறியீடு 115.0. தமிழ்நாடு 6,24,05,679இலிருந்து 7,21,47,030, குறியீடு 115.6. விடை 99.5. புதுப்பேருந்து நிலையமும் புறவழிச்சாலையும் பார்த்து மாநகரம் ஊதிப்போனதாக நினைத்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமான எண்.

ஏன் என்ற கேள்வி

மக்கள்தொகை மாற்றம் பிறப்புக் கழித்தல் இறப்பு, கூட்டல் வரவு கழித்தல் போக்கு. இந்தப் பகுதிகளைத் தனித்தனியாக எடுக்காமல் காரணம் எழுதக் கூடாது. ஜெர்மனியில் 1972 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிறப்பைவிட இறப்பு அதிகம். ஒரு ஜெர்மன் நகரம் அப்படியே நிற்கவே வெளியிலிருந்து ஆள் வர வேண்டும். பிரிட்டனில் கோவிட் வரை, நாடு முழுதாகப் பார்த்தால், 1976ஐத் தவிரப் பிறப்பே முன்னால் இருந்தது. ஆகவே ஒரே அளவு ஆள் வெளியேறினாலும் ஜெர்மன் ஊர்தான் வேகமாகச் சுருங்கும். அதை ஊரின் குறையாக எழுதக் கூடாது. 2004இல் போலந்து உள்ளிட்ட நாடுகள் ஒன்றியத்தில் சேர்ந்ததும் பிரிட்டன் வேலைக்குக் கதவைத் திறந்தது. ஜெர்மனி 2011 மே மாதம்தான் முழுதாகத் திறந்தது. 2015இல் அகதிகளும் 2022இல் உக்ரைனியர்களும் ஜெர்மன் நகரங்களுக்கு வந்தார்கள். இந்த நான்கு ஆண்டுகளையும் படத்தில் குறித்துக்கொண்டால் பாதித் திருப்பங்களுக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

சண்டர்லாந்து – எஸ்ஸன் ஜோடியில் இதைப் பொருத்திப் பாருங்கள். சண்டர்லாந்தில் கப்பல் கட்டுவது 1988இல் முடிந்தது, வியர்மத் சுரங்கம் 1993இல் மூடியது. எஸ்ஸனில் சோல்ஃபெரைன் சுரங்கம் 1986இல் மூடியது. நிலக்கரிக் கதை இரண்டுக்கும் ஒன்றுதான். எண்கள் ஒன்றல்ல. எஸ்ஸன் 1960களில் சுமார் 7.3 லட்சத்தில் உச்சம் தொட்டு, 2011 கணக்கெடுப்புக்குப் பின் சுமார் 5.66 லட்சத்தில் நின்றது. 22 சதவீதச் சரிவு. சுரங்கம் மூடுவதற்கு இருபது ஆண்டு முன்பே சரிவு தொடங்கிவிட்டது. கடைசிச் சுரங்கத்தின்மேல் முழுப் பழியையும் போட முடியாது. அதன்பிறகு மெல்ல ஏறி 5.8 லட்சத்தை ஒட்டி வந்தது.

சண்டர்லாந்து 2001இல் 2,80,807, 2011இல் 2,75,506, 2021இல் சுமார் 2,74,200. இருபது ஆண்டில் இரண்டரை சதவீதம்கூடக் குறையவில்லை, தேக்கம் என்று தோன்றும். இங்கிலாந்து, வேல்ஸ் இதே காலத்தில் 14.5 சதவீதம் வளர்ந்தது. வகுத்தால் சண்டர்லாந்துக்கு 85.3. நாட்டோடு ஒப்பிட 15 சதவீதம் பின்தங்கியிருக்கிறது. தட்டையாகத் தெரிந்த கோடு உண்மையில் சரிவுதான். அதோடு, சண்டர்லாந்து மாவட்டத்துக்குள் 1964இல் புதுநகரமாக அறிவிக்கப்பட்ட வாஷிங்டனும் இருக்கிறது. பழைய துறைமுக ஊரின் இழப்பை அதன் வளர்ச்சி மறைத்துவிடும். வார்டு அளவில் பிரித்துப் பார்க்காமல் துறைமுகத்தைப் பற்றி எதுவும் எழுதாதீர்கள்.

சாந்த் எத்தியேன் இன்னொரு பக்கம். கவன்ட்ரியின் இணை, அதுவும் தொழிற்சாலை ஊர். இன்றைய எல்லையில் 1968இல் சுமார் 2.23 லட்சம், 1999இல் சுமார் 1.80 லட்சம், 2010களில் 1.7 லட்சத்தை ஒட்டி. கவன்ட்ரி மேலே போக அது கீழே போனது. இந்த ஜோடியை வைத்துப் பிரிட்டன் வென்றது, பிரான்ஸ் தோற்றது என்று எழுதுவது வெட்டிப்பேச்சு. கம்யூன் எல்லையும் மாணவர் வரவும் இரண்டுக்கும் வேறு.

பல ஜோடிகளை எடுத்தால்

இணை நகரங்கள் ஒன்றுபோல வளர்கின்றனவா என்று கேட்க ஆசையிருந்தால் முப்பது ஜோடியாவது வேண்டும். ஒவ்வோர் ஊருக்கும் நாட்டால் வகுத்த குறியீட்டை எடுத்து, பிரிட்டன் நிரலுக்கும் ஐரோப்பிய நிரலுக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டு நிரல்களும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் எண்) போடுங்கள். பிறகு ஐரோப்பிய நிரலைக் குலுக்கி, பொருந்தாத ஜோடிகளாக்கி, அதே கெழுவை ஆயிரம் முறை எடுங்கள். உண்மையான கெழு அந்த ஆயிரத்தில் மேல் ஐந்து சதவீதத்துக்குள் வந்தால் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம். அப்போதும் நட்பு ஒப்பந்தத்தால் ஊர் வளர்ந்தது என்று ஆகாது. குண்டுவீச்சில் அழிந்த ஊர் அழிந்த ஊரையும், பல்கலைக்கழக ஊர் பல்கலைக்கழக ஊரையும், நிலக்கரி ஊர் நிலக்கரி ஊரையும் தேடித்தான் சேர்ந்தன. ஒற்றுமை கையெழுத்துக்கு முன்பே இருந்தது. ஊரின் வகையையும் தொடக்க மக்கள்தொகையையும் ஒத்த, ஆனால் இணை அல்லாத ஓர் ஊரை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வைத்தால்தான் அதைப் பிரித்துப் பார்க்க முடியும்.

அறிக்கையில் ஒவ்வோர் எண்ணுக்கும் கீழே நான்கு விவரம் போடுங்கள்: எந்த நாள், எந்த எல்லை, பரப்பு எவ்வளவு, எந்தத் தேதியில் வெளியான கோப்பு. வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும்.